விடுமுறை நாளின் கல்வி

கல்வி தேடிக் கடல் கடப்பது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியில் ஓதுவதற்கென்றே இலங்கையிலிருந்தும் மலாயாவிலிருந்தும் மாணவர்கள் வந்த காலம் ஒன்று உண்டு. தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, 'போட் மெயில்' வண்டியைப் பிடித்து விழுப்புரம் வந்து, காட்பாடி செல்லும் வண்டிக்கு மாறினால் வேலூர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை இப்படியொரு வழி திறந்திருந்தது. இன்று நம் பிள்ளைகள் அயல்நாடு போகிறார்கள். அன்று அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கு நம் ஊரே அயல்நாடாக இருந்தது.

அரபுக் கல்லூரிகளில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. கிதாபை மூடிவைத்த அந்த ஒரு நாளில், கண்ணுள்ள மாணவன் ஒருவன் வேலூரில் எத்தனையோ காணலாம். ஸ்ரீரங்கப்பட்டணம் 1799-இல் வீழ்ந்த பின் திப்பு சுல்தானின் குடும்பத்தார் கொண்டுவந்து வைக்கப்பட்ட கோட்டை அங்கே இருக்கிறது. 1806-இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் அதே கோட்டையில்தான். அக்குடும்பத்தாருள் சிலரின் அடக்கத்தலங்களும் அவ்வூரிலேயே உள்ளன. பாடவேளையில் கிடைக்காத கல்வி இது. விடுமுறை நாள் தரும் கல்வி என்று இதைச் சொல்லலாம்.

இக்கல்வியைப் பற்றிச் சிந்திக்கும்படி நம்மைத் தூண்டியவன் நம் தங்கை மகன். தங்கை திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். மச்சானுக்குக் கடைத்தெருவில் சிறியதொரு துணிக்கடை. மூத்த பிள்ளை பொறியியல் முடித்து, மேற்படிப்புக்காக இலண்டன் சென்றான். மயிலம் சாலையிலிருந்த மனையொன்று கட்டணமாயிற்று. தங்கையின் கைவளையல்கள் விமானச் சீட்டாயின. நடுத்தரக் குடும்பங்கள் பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்பும் வகை இதுதான் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

அந்நாட்டில் பட்டப்படிப்பு பயிலும் அயல்நாட்டு மாணவன் பாடகாலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை ஊதியத்துக்கு வேலை செய்யலாம் என்பது சட்டம். வகுப்பு இல்லாத சனியும் ஞாயிறும் வேலைக்கு வாய்ப்பான நாட்கள். மச்சானின் கணக்கில் அவ்விரு நாட்களுக்கும் ஒரு விலை இருந்தது. பவுனை ரூபாயாக்கி, ரூபாயை மாதமாக்கி, விற்ற மனைக்கு ஈடாக இன்னொரு மனை வாங்க எத்தனை சனிக்கிழமை வேண்டும் என்றுகூட அவர் எண்ணிவைத்திருந்தார். ஆகவே பையன் ஒரு சனிக்கிழமை வேலைக்குப் போகாமல் நகரம் பார்க்கப் போனான் என்று அறிந்ததும் நம்மிடம் குமுறினார்:

“படிக்கப் போனானா, ஊர் சுற்றப் போனானா? ஒரு நாள் கூலி எவ்வளவு என்று தெரியுமா மச்சான்?”

தெரியும். அந்தக் கூலியின் அருமையும் தெரியும். இருந்தாலும் பையனின் பக்கத்தையும் கேட்டோம். அவன் அனுப்பியிருந்த படங்கள் நாற்பதுக்கு மேல். தேம்ஸ் ஆற்றுப் பாலம், பெரிய இராட்டினம், அரண்மனை வாயில், மணிக்கூண்டு, சிவப்பு நிறப் பேருந்து, எல்லாவற்றின் முன்பும் அவன் முகம்.

“என்ன பார்த்தாய் தம்பி?” என்று தொலைபேசியில் கேட்டோம்.

“எல்லாம் பார்த்தேன் மாமு” என்றான்.

'எல்லாம்' என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல் இருந்தது. ஒரே நாளில் எல்லாம் பார்த்தவன் எதையும் பாராதவன். அப்படிப் பார்ப்பதற்குக் கூலியை இழக்க வேண்டுமா என்று மச்சான் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் பார்க்கவே கூடாது என்று விதிப்பது நியாயமாகுமா? பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவு என்னவாயிற்று என்று நோக்கும்படித் திருமறை பல இடங்களில் தூண்டுகிறது. பயணம் செய்வதோடு அது நின்றுவிடவில்லை; நோக்கவும் சொல்கிறது.

நோக்குவது எப்படி என்பதற்கு வரலாற்றில் நல்லதொரு முன்மாதிரி இருக்கிறது. எகிப்தை ஆண்ட முஹம்மது அலி பாஷா 1826-இல் மாணவர் குழுவொன்றைப் பாரிஸ் நகருக்கு அனுப்பினார். அவர்களுக்குத் தொழுகை நடத்தும் இமாமாகச் சென்றவர் ரிஃபாஆ அத்தஹ்தாவி. அல் அஸ்ஹரில் ஓதியவர்; அப்போது வயது 25 இருக்கலாம். இமாமாகச் சென்றவர் தாமும் மாணவரானார். குழுவிலேயே சிறந்த மாணவரும் ஆனார். ஐந்து ஆண்டுகள் அந்நகரில் வாழ்ந்து, அங்குள்ள வீதிகளையும் உணவு விடுதிகளையும் நாடகக் கொட்டகைகளையும் செய்தித்தாள்களையும் சட்டங்களையும் கண்டு, கண்டதை எழுதினார். வியந்ததை வியந்தபடியும், ஒவ்வாததை ஒவ்வாததென்றும் எழுதினார். 1834-இல் அது நூலாக வெளிவந்தது. 1835-இல் கெய்ரோவில் மொழிகள் கற்பிக்கும் பள்ளி எழுந்தபோது அதன் தலைமை அவரிடமே வந்தது. அப்பள்ளியில் பயின்றோர் ஐரோப்பிய நூல்களை அரபு மொழிக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு மாணவர் கண்களைத் திறந்துவைத்ததனால் ஒரு நாட்டுக்கே விளைந்த பயன் அது.

நம் நாட்டிலும் அத்தகையோர் இருந்தனர். ஸர் ஸையிது அஹ்மது கான் 1869-இல் மகனைப் படிக்கவைக்க இலண்டன் சென்றார். மகன் ஸையிது மஹ்மூது கேம்பிரிட்ஜில் பயின்றார். தந்தையோ அந்நாட்டுக் கல்வி முறையையே பயின்று திரும்பினார். 1875-இல் அலிகாரில் பள்ளி தொடங்கிற்று, 1877-இல் அது கல்லூரியாயிற்று, 1920-இல் பல்கலைக்கழகம்.

இவற்றையெல்லாம் பையனிடம் சொல்லிவிட்டு மூன்று கட்டளைகள் இட்டோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் நகரம் பார்க்கலாம், மற்றவை வேலைக்கு. அந்த ஒரு நாளில் ஓரிடம் மட்டும் போக வேண்டும். போகுமுன் அதைப் பற்றி ஒரு பக்கமாவது படித்து, வந்தபின் ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். மூன்றாவது கட்டளைதான் அவனுக்குப் புதிராக இருந்தது: அங்கே கண்ட பொருளுக்கு நம் பக்கத்தில், நம் இரயில் பாதையில், ஓர் உறவு தேடிச் சொல்ல வேண்டும்.

“இலண்டனுக்கும் திண்டிவனத்துக்கும் என்ன உறவு மாமு?” என்று சிரித்தான். “தேடு” என்றோம்.

முதல் மாதம் தென் கென்சிங்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் சென்றான். அனுமதி இலவசம். அங்கே திப்புவின் புலி இருக்கிறது. மரத்தால் செய்த புலி; அதன் கீழே வீழ்ந்து கிடக்கும் ஐரோப்பியன்; உள்ளே ஓர் இசைக்கருவி. கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும், மனிதன் அலறுவான், அவன் கை எழுந்து தாழும். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையில் கைப்பற்றிய இதனை 1808-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் இலண்டன் மாளிகையில் காட்சிக்கு வைத்தது. வென்றவர்கள் தங்களைக் கேலி செய்யும் பொம்மையையே வெற்றிப் பொருளாக வைத்துக் காட்டினார்கள் என்று பையன் எழுதியிருந்தான். உறவையும் கண்டுபிடித்திருந்தான்: திப்புவின் தந்தை ஹைதர் அலியின் படை 1780-இல் செஞ்சிக் கோட்டையைக் கைக்கொண்டது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி சுமார் 28 கிலோமீட்டர்.

அடுத்த மாதம் பிரிட்டிஷ் அருங்காட்சியகம். அங்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. பலர் எகிப்தியப் பிணப்பெட்டிகளைக் காணச் செல்ல, அவன் அமராவதிச் சிற்பக் கூடத்துக்குச் சென்றான். கிருஷ்ணா நதிக்கரையிலிருந்த பௌத்தத் தூபியின் வெளிர்நிறச் சுண்ணாம்புக் கற்கள் அவை. சென்னை மாகாணத்தில் அதிகாரியாயிருந்த வால்டர் எலியட் 1845-இல் தோண்டியெடுத்துச் சென்னைக்குக் கொண்டுவந்தவற்றில் பல, 1859-இல் இலண்டன் போய்ச் சேர்ந்தன. மற்றொரு பெரும் பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1851-இல் தொடங்கிய நிலையம் அது. பழைய தலைமுறையினர் 'செத்த காலேஜ்' என்று அழைத்தது அதனைத்தான்.

இங்கே சற்று நிற்க வேண்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வண்டியேறி எழும்பூரில் இறங்கியவர்கள் தலைமுறை தலைமுறையாக எத்தனை இலட்சம் பேர்! ஜவுளி வாங்க இறங்கினோம்; மருத்துவரைக் காண இறங்கினோம்; வழக்குக்கும் கல்யாணத்துக்கும் விமானம் ஏற்றிவிடவும் இறங்கினோம். நிலையத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் அக்கற்கள் காத்திருக்கின்றன. அவற்றின் உடன்பிறப்புகளைக் காண நம் பிள்ளை ஐயாயிரம் மைல் பறந்து செல்ல வேண்டியிருந்தது. “பாதியை இங்கே பார்த்துவிட்டேன் மாமு, மீதியை ஊருக்கு வந்தால்தான் பார்க்க முடியும்” என்று அவன் எழுதிய வரி நம் உள்ளத்தில் நின்றது. இரண்டையும் கண்டவனுக்கே முழுக்கதையும் விளங்கும்.

மூன்றாம் மாதம் கிழக்கு இலண்டனின் பிரிக் லேன் வீதி. அங்குள்ள பள்ளிவாசல் 1743-இல் பிரான்சிலிருந்து சமயக் கொடுமைக்கு அஞ்சி வந்த புராட்டஸ்டண்டுகளின் கோயிலாகக் கட்டப்பெற்றது. 1819-இல் மெதடிஸ்டுகளிடம் வந்தது. 1898-இல் யூதர்களின் தொழுகைக்கூடமாயிற்று. 1976-இல் வங்காள முஸ்லிம்கள் அதைப் பள்ளிவாசலாக்கினார்கள். பிழைப்புத் தேடி வந்த ஒவ்வொரு கூட்டமும் அச்சுவர்களுக்குள் இறைவனை வணங்கி, வசதி வந்ததும் வேறிடம் பெயர்ந்தது. அஸர் தொழுகையை அங்கே நிறைவேற்றிய பையன், தானும் அந்த வரிசையில் ஒருவன்தான் என்று எழுதினான். இதற்கு உறவு தேடித் தரவில்லை. தேடவும் வேண்டியதில்லை; அவனே உறவாகிவிட்டான்.

இந்தக் கடிதங்களையெல்லாம் மச்சானுக்குப் படித்துக் காட்டினோம். கேட்டுக்கொண்டார், மறுப்புச் சொல்லவில்லை. புலியைப் பற்றி மட்டும் இருமுறை கேட்டார். எனினும், மாதத்துக்கு ஒரு நாள் கூலி போகிறதே என்ற வருத்தம் அவர் முகத்திலிருந்து போகவில்லை. போகவும் நாம் எதிர்பார்க்கவில்லை. மனையை விற்றவர் அவர்.

அவரை அசைத்தது நான்காம் மாதக் கடிதம். அம்முறை பையன் வாட்டர்லூ நிலையத்தில் வண்டியேறி வோக்கிங் சென்றிருந்தான். பிரிட்டனில் பள்ளிவாசலாகவே கட்டப்பெற்ற முதற்கட்டடம் அவ்வூரிலுள்ள ஷாஜஹான் பள்ளிவாசல். லாகூரில் கல்லூரி முதல்வராயிருந்த லைட்னர் என்னும் அறிஞர், போபால் அரசி ஷாஜஹான் பேகத்தின் பொருளுதவியுடன் 1889-இல் அதை எழுப்பினார். அங்கே லுஹர் தொழுதபின், அடுத்த நிலையமான புரூக்வுட் சென்று அங்குள்ள பெரிய அடக்கத்தலத்தைக் கண்டான். திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த இருவர் அங்கே அடங்கியுள்ளனர்: ஒருவர் முஹம்மது மர்மடியூக் பிக்தால்; மற்றவர் அப்துல்லாஹ் யூஸுஃப் அலி.

யூஸுஃப் அலியும் ஒரு காலத்தில் அயல்நாட்டு மாணவரே. பம்பாயில் பயின்று, உதவித்தொகை பெற்று, 1891-இல் கேம்பிரிட்ஜ் சென்றவர். ஐ.சி.எஸ். தேறினார்; உயர்பதவிகள் வகித்தார்; 1934 முதல் 1937 வரை லாகூரில் தம் மொழிபெயர்ப்பை விரிவுரையுடன் வெளியிட்டார். இன்று அந்நூல் எட்டாத நாடில்லை. அத்தகையவர் 1953 டிசம்பர்க் குளிரில், இலண்டன் வீதியில் ஆதரவற்ற முதியவராகக் கண்டெடுக்கப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் உயிர்நீத்தார். இளமையில் கல்வி தேடி வந்த நாட்டிலேயே, அருகில் உற்றார் எவருமின்றி அவர் வாழ்வு முடிந்தது.

பையன் அந்த அடக்கத்தலத்தில் நின்று துஆ செய்துவிட்டு எழுதியிருந்தான்: இந்நகரில் படிப்பும் பதவியும் புகழும் கிடைக்கலாம், தனிமையும் கிடைக்கலாம், இரண்டையும் ஒரே மனிதரின் மண்ணறை சொல்கிறது.

படித்து முடித்தபோது தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சான் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தொலைபேசியை எடுத்து மகனிடம் கேட்டார்: “சாப்பிட்டாயா? கூட யார் இருக்கிறார்கள்?” எவ்வளவு சேர்த்தாய் என்று அன்று அவர் கேட்கவில்லை.

தங்கை மகளின் நிக்காஹுக்காகப் பையன் பதினைந்து நாள் விடுப்பில் வந்தான். திருமணம் நல்லபடியாக முடிந்த மறுவாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அனைவரும் செஞ்சி சென்றோம். மச்சான் கடையை அடைத்துவிட்டு வந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் திண்டிவனத்தில் வாழ்ந்தவர், அக்கோட்டைக்குள் கால்வைத்தது அன்றுதான்.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளைச் சுற்றி வளைத்த மதில். 1677-இல் சிவாஜி கைப்பற்றி வலுப்படுத்திய கோட்டை. அவர் மகன் இராஜாராம் அடைக்கலம் புகுந்த இடம். ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகார் கான் பல்லாண்டு முற்றுகையிட்டு 1698-இல் வென்ற கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டினை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி.

மச்சானால் மலையேற இயலவில்லை. கீழ்க்கோட்டையில், புதுச்சேரி வாயிலை ஒட்டிய ஸஆதத்துல்லாஹ் கான் பள்ளிவாசலின் நிழலில் அமர்ந்தோம். 1717-18-இல் கட்டப்பெற்றது அது. பையன் தன் அத்தாவுக்குக் கதை சொன்னான். ஆற்காட்டு நவாப் ஸஆதத்துல்லாஹ் கான், கப்பம் கட்டவில்லை என்று 1714-இல் இளைஞனான தேசிங்கு ராஜன்மீது படையெடுத்தார். தேசிங்கு போரில் மாண்டான். அவனுக்குத் துணைநின்று உயிர்கொடுத்த நண்பன் மகமத்கான். மணக்கோலத்திலிருந்த அவன் நட்புக்காகப் பந்தலை விட்டெழுந்து போர்க்களம் புகுந்தான் என்று நாட்டார் கதைப்பாடல் சொல்லும். எதிர்த்தவரும் முஸ்லிம், உடனிருந்து இறந்தவனும் முஸ்லிம். கப்பத்துக்காக மூண்ட போரைச் சமயப்போராக எண்ணுவோர்க்கு அந்நண்பனின் கதை ஒன்றே போதுமான விடை.

“இலண்டனில் புலியைப் பார்த்த பிறகுதான் அத்தா, இங்கே வர வேண்டும் என்று தோன்றியது” என்றான் பையன்.

மச்சான் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். “செஞ்சி பஸ் தினம் நம் கடை வாசல் வழியாகத்தான் போகிறது” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே பெருகியுள்ளன. அவர்களுக்கு நாம் கூற விரும்புவது சிறிது. பிள்ளையின் ஓய்வுநாளுக்குக் கூலி மட்டுமே அளவன்று. அதே வேளையில், பெற்றோர் விற்ற நிலத்தின் மீது நின்றுகொண்டு, படம் பிடித்து அனுப்புவதற்காக மட்டும் நகரம் சுற்றுவதும் தகாது. மாதத்தில் ஒரு நாள், ஓரிடம், ஒரு பக்கம் எழுத்து என்ற அளவு எந்தக் குடும்பத்தையும் வறுமைப்படுத்திவிடாது. பயணத்துக்கு முன் இன்னொன்றும் செய்யலாம். விமானம் ஏற்றச் செல்லும் நாளில் சற்று முன்னதாகப் புறப்பட்டு, எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவிடலாம். அதற்கு முந்திய ஞாயிறன்று செஞ்சிக்கு ஒரு பேருந்துச் சீட்டு எடுக்கலாம். சொந்த மண்ணைக் கண்டு பழகிய கண், அயல்நாட்டில் எதைத் தேட வேண்டும் என்பதை அறிந்திருக்கும். அவ்வாறு பழகாத கண்ணுக்கு இலண்டனும் ஒரு கடைத்தெருவே.

பையன் திரும்பிச் சென்று சில வாரங்கள் ஆகின்றன. அடுத்து அவன் போகவிருக்கும் இடத்தை இம்முறை மச்சானே குறித்துக் கொடுத்திருக்கிறார். கம்பெனியும் வெள்ளை அரசும் இந்தியாவைப் பற்றி எழுதிவைத்த ஆவணங்கள் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன என்றும், வாசகர் அட்டை பெற்றால் எவரும் பார்க்கலாம் என்றும் மகன் சொல்லியிருந்தான். அதைக் கேட்டுவிட்டு, விழுப்புரமும் திண்டிவனமும் பழைய தென்னாற்காட்டு ஜில்லாவில் இருந்த நாட்களை நினைவுகூர்ந்தார் மச்சான்.

“நம் ஜில்லாவைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வா. அன்றைக்கு வேலைக்குப் போக வேண்டாம்” என்று மகனுக்குச் சொல்லிவிட்டார்.